21 நாள், காலை 5 மணி, 10 சதவீதம்: இந்தப் புத்தகத்தில் நம்ம கரைக்கு எது தேறும்?

தங்கச்சிமடம்_படிப்பகம் (கேள்வி)

எங்கள் படிப்பகத்தில் இந்த மாதம் எடுத்தது ஒரு சுயமுன்னேற்றப் புத்தகம். பெயர் வேண்டாம். பேருந்து நிலையக் கடையில்கூடத் தொங்குகிறது, ஊரே புகழ்கிறது. முன்னூறு பக்கத் தமிழாக்கம். பாதி தாண்டியதும் கூடிப் படிப்பவர்கள் முகம் சுருங்க ஆரம்பித்துவிட்டது.

புத்தகத்தின் சாரம் நான்கு சொல்தான். தினமும் காலை 5 மணிக்கு எழு. 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும். இலக்கை எழுதிக் கண்ணாடியில் ஒட்டி, அடைந்துவிட்டதாகவே கற்பனை செய். மாதம் முதல் தேதி வருமானத்தில் 10 சதவீதத்தை எடுத்து வை.

படிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் விசைப்படகிலோ நாட்டுப்படகிலோ போகிறவர்கள். விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. காலையில் டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) வாங்கிப் போனால் மறுநாள் காலைதான் கரை. காலை 5 மணி என்பது ஒருநாள் மடி (வலை) இழுக்கிற நேரம், ஒருநாள் கரையைப் பார்த்து ஓடி வருகிற நேரம், ஒருநாள் அசந்து தூங்குகிற நேரம். காற்று எச்சரிக்கை வந்தால் டோக்கனே கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். முதல் தேதிச் சம்பளம் என்று ஒன்று இங்கே யாருக்கும் இல்லை.

இதில் மனதை உறுத்துவது கடைசி அத்தியாயம். 'முடியவில்லை என்றால் நீ மனசு வைக்கவில்லை' என்கிறது. இளவட்டங்கள் இரண்டு பேர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, 'நமக்கு ஒழுக்கம் பத்தாது' என்கிறார்கள்.

இந்தப் புத்தகத்தை நிறுத்திவிடலாமா? அதில் சொல்லும் 'ஆய்வு'கள் உண்மையா? அலை, காற்று, டோக்கன் பார்த்து ஓடுகிற வாழ்க்கைக்கு இதில் எது தேறும்? விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாகவே எழுதுங்கள். படித்துக் காட்டத்தான் கேட்கிறேன்.

மண்டபம்_உளவியல்

தம்பி, மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்த 21 நாளைத் தூக்கி ஓரமாக வையுங்கள். அந்த இரண்டு பையன்களுக்கும் இதை நிதானமாகப் படித்துக் காட்டுங்கள்.

21 என்ற எண் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் 1960-இல் எழுதியதிலிருந்து வருகிறது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழகுவதற்கும், கையோ காலோ இழந்தவர்களுக்கு அது இன்னும் இருப்பதுபோன்ற உணர்வு மறைவதற்கும் குறைந்தது 21 நாள் அளவுக்கு ஆகிறது என்று கவனித்து எழுதினார். பழக்கத்தைப் பற்றி அவர் ஆய்வு எதுவும் செய்யவில்லை. 'குறைந்தது' என்று அவர் போட்ட சொல்லும் புத்தகம் புத்தகமாகக் கைமாறியதில் உதிர்ந்துபோனது.

பழக்கத்தையே அளந்து பார்த்தவர் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லேலி. 2009-இல் வெளியான ஆய்வு. 96 பேர், 84 நாள். ஆளுக்கு ஒரு சின்ன வேலை: மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் ஓட்டம், இந்த மாதிரி. அந்த வேலை யோசிக்காமலே கை போகிற அளவுக்கு வர எத்தனை நாள் என்று கணக்கிட்டார்கள். நடுமதிப்பு 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், பாதிப் பேருக்கு அதற்கு மேல். சிலருக்கு 18, சிலருக்கு 254. ஆய்வே 84 நாள்தான் என்பதால், அந்த 254 போக்கை வைத்துக் கணித்த எண் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் குடிப்பது, பழம் தின்பது சீக்கிரம் படிந்தது. உடற்பயிற்சிக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நாள் பிடித்தது. நம் ஆட்களுக்கு முக்கியமானது இன்னொன்று: நடுவில் ஒருநாள் தவறியதால் பழக்கம் படிவது குலையவில்லை. 'ஒருநாள் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணு' என்று உங்கள் புத்தகம் சொல்கிறதென்றால் அது தவறு.

இதை விசைப்படகுக்குப் பொருத்திப் பாருங்கள். கடலுக்குப் போகிற நாளில் மட்டும் செய்யக்கூடிய வேலை என்றால் வாரத்துக்கு மூன்று முறைதான். 66 முறை ஆக 22 வாரம். தடை முடிந்து ஜூன் நடுவில் தொடங்கினால் நவம்பர் நடுவாகும், டோக்கன் இல்லாத நாட்களால் இன்னும் தள்ளும். (அந்த ஆய்வு தினசரி வேலைக்கானது. 'முறை' என்று நான் மாற்றிப் போட்டது ஒரு தோராயத்துக்காக.) ஐந்து மாதத்தில் படிய வேண்டியதை 21 நாளில் எதிர்பார்த்தால், இருபத்திரண்டாம் நாள் 'நான் லாயக்கில்லை' என்றுதான் தோன்றும். பையன்களின் ஒழுக்கத்தில் குறையில்லை. அளவுகோல்தான் தப்பு.

இனி எப்படிச் செய்வது என்பது. கடிகாரத்தை விட்டுவிடுங்கள். ஒரு நிகழ்ச்சியில் கொக்கி மாட்டுங்கள். 'இன்னது முடிந்ததும், இன்ன இடத்தில், இன்னது செய்வேன்' என்று ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் விளக்கிய முறை இது. 2006-இல் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் நல்ல பலன் தெரிந்தது. வெறுமனே 'செய்வேன்' என்று உறுதி எடுப்பவர்களைவிட இப்படி எழுதிக்கொள்பவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள்.

கொக்கியைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லோரும் கோட்டைவிடுவார்கள். 'கரைக்கு வந்ததும்' என்று எழுதினால் நடக்காது. கரைக்கு வந்ததும் பெட்டி இறக்கணும், எடை போடணும், ஏலம் பார்க்கணும், வலையில் கிழிசல் பார்க்கணும். அது ஒரு நிகழ்ச்சி இல்லை, இரண்டு மூன்று மணி நேரம். 'ஓய்வு கிடைக்கும்போது' அதைவிட மோசம். சரியான கொக்கிக்கு முடிவு தெளிவாகத் தெரியும்: குளித்துக் கைலி மாற்றியதும், சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும், போனைச் சார்ஜில் போட்டதும். அடுத்த ஐந்து நிமிடம் கை சும்மா இருக்க வேண்டும். செய்யும் பொருளும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். புத்தகம் அலமாரியில் இருந்தால் அந்தக் கொக்கி அறுந்தது.

அளவு சின்னதாக இருக்கட்டும். படிப்பது என்றால் 4 பக்கம். ஆங்கிலம் என்றால் 5 சொல். மிக அசந்த நாளிலும் முடிகிற அளவுதான் அளவு. நல்ல நாளில் கூடச் செய்தால் செய்யட்டும், ஆனால் அதை மறுநாள் கடமையாக ஏற்றக் கூடாது. இரண்டாம் வாரத்திலேயே 4 பக்கத்தை 20 ஆக்குவதால்தான் பெரும்பாலான முயற்சி நின்றுபோகிறது.

கடல் நாளுக்கு ஒரு அட்டை, கரை நாளுக்கு ஒரு அட்டை. ஒரு அட்டையில் ஒரு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம்.

கீழக்கரை_வாசகர்

மண்டபத்துக்காரர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புத்தகத்தை அப்படியே கழித்துக்கட்ட வேண்டாம் என்பது என் பக்கம். இந்த வகைப் புத்தகங்களில் 'சூழலை மாற்று' என்று ஓர் அத்தியாயம் எப்படியும் இருக்கும். தின்பண்டத்தைக் கண்ணில் படாமல் வை, புத்தகத்தைத் தலையணை மேல் வை என்பது போல. அது தேறும். அதை மட்டும் கிழித்தெடுத்துப் படித்தாலும் கொடுத்த காசுக்குக் குறைவில்லை.

தேறாததை எப்படிக் கண்டுபிடிப்பது? பென்சிலால் மூன்று குறி போட்டுப் படியுங்கள். யார், எந்த ஆண்டு, எத்தனை பேரிடம் என்று மூன்றும் சொல்லியிருந்தால் ஒரு கோடு. 'ஆய்வுகள் காட்டுகின்றன' என்று மட்டும் இருந்தால் வட்டம். ஒரு பெரிய மனிதரின் கதை மட்டும் இருந்தால் பெருக்கல் குறி. பத்துப் பக்கம் போட்டாலே புத்தகத்தின் எலும்பு தெரிந்துவிடும். வட்டம் போட்டதை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துத் தேடச் சொல்லுங்கள். படிப்பகத்துக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

வட்டத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. '1953-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கை எழுதி வைத்த 3 சதவீதம் பேர் பின்னாளில் மற்ற 97 சதவீதத்தைவிட அதிகம் சம்பாதித்தார்கள்' என்ற கதை பல புத்தகங்களில் வரும். சிலர் யேலுக்குப் பதில் ஹார்வர்டு என்று போடுவார்கள். அப்படி ஓர் ஆய்வு நடந்ததற்கு எந்தப் பதிவும் இல்லை என்று யேல் தரப்பே சொல்லியிருக்கிறது. உங்கள் புத்தகத்தில் இது இருந்தால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள், அடுத்து எடுக்கிறவர்களுக்கு உதவும்.

அடைந்துவிட்டதாகக் கற்பனை செய்வது பற்றி: கேப்ரியேலே ஊட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். படித்து முடித்து வேலை தேடுபவர்களில், வேலை கிடைத்துவிட்டதாக இனிமையாகக் கற்பனை செய்துகொண்டிருந்தவர்களுக்கு இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது வாய்ப்பும் சம்பளமும் குறைவாகவே கிடைத்திருந்தன. 2011 வாக்கில் வந்த சோதனைகளில், இனிய கற்பனைக்குப் பிறகு உடலின் முறுக்கு தளர்வதை ரத்த அழுத்தத்திலேயே பார்த்தார்கள். கிடைத்துவிட்டது என்று மனசு நம்பிவிட்டால் கை ஏன் ஓடப்போகிறது? அவர் சொல்லும் வழி எளிது. வேண்டியதை ஒரு வரி எழுது. கிடைத்தால் என்ன நல்லது என்று ஒரு வரி. மூன்றாவது வரியில், தடுக்கப்போவது எது என்று எழுது. நான்காவது வரி அந்தத் தடை வரும்போது என்ன செய்வேன் என்பது. மண்டபத்துக்காரர் சொன்ன வாக்கியம் அந்த நான்காவது வரிதான். கண்ணாடியில் ஒட்டத்தான் வேண்டும் என்றால் மூன்றாவது, நான்காவது வரிகளை ஒட்டுங்கள்.

அதிகாலை எழுவதைப் பற்றிப் பேசும்போது நம் பக்கத்தில் எல்லோரும் கலாம் ஐயாவைத்தான் காட்டுவார்கள். ராமேஸ்வரத்தில் சிறுவனாக இருந்தபோது அவர் 4 மணிக்கு எழுந்தது உண்மை. ஆனால் அந்த விடியலில் என்னென்ன இருந்தது என்று பாருங்கள். குளித்துவிட்டு வந்தால்தான் பாடம் என்று காத்திருந்த கணக்கு வாத்தியார். போர்க்காலத்தில் ராமேஸ்வரத்தில் நிற்காமல் போன ரயிலிலிருந்து வீசப்படும் பத்திரிகைக் கட்டு. விட்டால் போச்சு. எழுப்பிவிட வீட்டில் ஆள். 4 மணி அவரை ஆளாக்கவில்லை. வாத்தியாரும் ரயிலும் வீடும் சேர்ந்து அவரை எழுப்பின. உங்கள் பையன்களுக்கும் காத்திருக்கும் ஓர் ஆள் வேண்டும். இரண்டு இரண்டு பேராகச் சேர்த்துவிட்டு, 'இன்று 4 பக்கம்' என்று ஒருவர் மற்றவருக்கு ஒரு குரல்பதிவு அனுப்பச் சொல்லுங்கள். பத்து வினாடி போதும்.

தொண்டி_செவிலி

5 மணிப் பேச்சுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். காரணம், அதில் உயிர் இருக்கிறது. வலையை இழுக்கும் வின்ச் இயந்திரம் சுற்றும்போதும் கயிறு ஓடும்போதும் அரைத்தூக்கத்தில் நிற்கும் ஆளுக்கு விரலோ கையோ போய்விடும்.

வளர்ந்த ஆளுக்கு இரவும் பகலும் சேர்த்துக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். 5 மணிக்கு எழ வேண்டும் என்றால் 10 மணிக்குக் கண் மூடியிருக்க வேண்டும். படுக்கும் நேரத்தைச் சொல்லாமல் எழும் நேரத்தை மட்டும் சொல்லும் புத்தகத்தை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். 11.30 வரை போன் பார்த்துவிட்டு 5 மணிக்கு எழுகிறவர் தன்னை முன்னேற்றவில்லை, தினம் ஒன்றரை மணி நேரத் தூக்கத்தைக் கடன் வைக்கிறார்.

விசைப்படகில் போய்விட்டுக் காலையில் திரும்புகிறவர் செய்யும் தவறு, சாப்பிட்டுப் படுத்து மாலைவரை தூங்குவது. அன்று இரவு தூக்கம் 1 மணிக்குத்தான் வரும், அடுத்த டோக்கன் நாள் விடியலில் கண் எரியும். வேலை முடிந்து படுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். எழுந்ததும் வெளிச்சத்தில் நில்லுங்கள். இரவு 9 மணிக்கு மறுபடி படுங்கள். இரண்டு துண்டாகத் தூங்குவதில் தவறில்லை. முதல் துண்டு நீண்டுவிடுவதுதான் தவறு. இரண்டு மூன்று வாரம் சோர்வு இருக்கும், பிறகு உடம்பு பிடித்துக்கொள்ளும்.

ஐஸ் கம்பெனியில் முறை (ஷிப்ட்) மாறி வேலை பார்க்கிறவர்கள் இருந்தால் அவர்களுக்கு வேறு வழி. எந்த முறை வந்தாலும் தூங்கக்கூடிய ஒரு நான்கு மணி நேரத்தைக் கண்டுபிடித்து, அதை எந்த நாளும் மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டும். மீதி மூன்று மணி நேரத்தை முன்னேயோ பின்னேயோ சேர்த்துக்கொள்ளலாம். இதை ஆங்கிலத்தில் நங்கூரத் தூக்கம் என்றே சொல்வார்கள். பொருத்தமான பெயர். நங்கூரம் ஒரு இடத்தில் நின்றால் படகு கொஞ்சம் ஆடினாலும் விலகிப்போகாது.

டீ, காபியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். 9 மணிக்குப் படுக்கிறவர் 2 மணிக்கு மேல் குடிக்காமல் இருப்பது நல்லது. குட்டித்தூக்கம் போடுவதானால் 20 நிமிடம். 40, 50 நிமிடத்தில் எழுப்பினால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழுந்து அரைமணி நேரம் தலை கனக்கும். அந்த நேரத்தில் வின்ச் பக்கம் நிற்க வேண்டாம்.

இன்னொன்று. மீன் எடுத்து விற்கப் போகிற அக்காமார் இந்தக் கரையில் எத்தனையோ பேர் 4 மணிக்கே எழுகிறார்கள், எந்தப் புத்தகமும் படிக்காமல். அவர்களைப் பார்த்து யாரும் 'சீக்கிரம் எழு, வாழ்க்கை மாறும்' என்று சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்கு வேண்டியது பகலில் ஒரு மணி நேரம் படுக்க இடம். படிப்பகத்தில் பெண்களும் வருவதாக இருந்தால் கூடும் நேரத்தை அதற்கேற்ப வையுங்கள்.

சின்னப்பாலம்_குழுக்கணக்கு

சுய உதவிக் குழுக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இந்தப் '10 சதவீதம், முதல் தேதி' என்ற அறிவுரை நன்றாகவே தெரியும். அது மாதச் சம்பளக்காரருக்கு எழுதியது. அதில் பாதி சரி. செலவு போக மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்றால் மிஞ்சாது, முதலிலேயே எடுத்து வை என்பது சரி. சதவீதமும் தேதியும்தான் நமக்கு ஒத்துவராது.

கடல்பாசி வளர்க்கிற வீடுகளில் இது ஏற்கெனவே நடக்கிறது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதப்பு, கப்பாஃபைக்கஸ் பாசி, 45 நாளில் அறுவடை. அறுத்ததும் முதலில் ஏறக்குறைய 60 கிலோவை விதைக்கு ஒதுக்கிவிட்டுத்தான் மீதியைக் காயப்போடுவார்கள். அறுவடை எவ்வளவு வந்தாலும் அந்த 60 கிலோவில் கை வைக்க மாட்டார்கள். வைத்தால் அடுத்த மிதப்பு இல்லை. பணத்தையும் இந்த மாதிரி 'விதை' என்று நினைத்தால் போதும், அத்தியாயம் முழுக்கப் படிக்க வேண்டாம்.

படகில் போகிற வீட்டுக்குக் கணக்கு எப்படிப் போடுவது என்று ஓர் உதாரணம். எண்களை உங்கள் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒருநாள் செலவு 500 ரூபாய் என்றால் மாதம் 15,000. வாரம் மூன்று நாள் என்றால் மாதத்துக்குச் சுமார் 13 முறை பங்கு கைக்கு வரும். 15,000-ஐ 13-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,150. இதுதான் சோற்றுக்கோடு. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவெல்லாம் கழித்துக் கைக்கு வந்த பங்கு இந்தக் கோட்டுக்கு மேல் எவ்வளவோ, அதில் பாதியை ஏலக்காசு கைமாறிய அன்றே எடுத்து வைக்க வேண்டும். 1,500 வந்தால் 175. 3,000 வந்தால் 925. 800 வந்தால் ஒன்றுமே எடுக்க வேண்டாம், அதற்காக மனசு வாட வேண்டாம். 10 சதவீதம் என்றால் 800 வந்த நாளிலும் 80 ரூபாயைப் பிடுங்கும், 3,000 வந்த நாளில் 300-ஓடு விட்டுவிடும். நல்ல பாடு (மீன்வரத்து) கிடைத்த அன்றுதான் காசு ஓடும், அன்றுதான் பிடிக்க வேண்டும்.

எடுத்ததை எங்கே போடுவது? முதலில் ஒரு காற்றுப்பெட்டி. டோக்கன் இல்லாத நாளுக்கும் பங்கு குறைந்த நாளுக்கும். 15 நாள் செலவு, அதாவது இந்த உதாரணத்தில் 7,500 சேரும்வரை எல்லாம் அதில் போகட்டும். அது நிறைந்த பிறகு தடைக்காலப் பெட்டி. 61 நாளுக்கு 30,500 வேண்டும். அரசின் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் 5,000-இலிருந்து உயர்த்தி அறிவித்தார்கள். அதைக் கழித்தால் 22,500. ஜூன் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பத்து மாதம், மாதம் 13 முறை. ஒரு முறைக்கு 175 ரூபாய் சுமாராக. நிவாரணத்தைத் தொகையில் கழித்துக்கொள்ளுங்கள், தேதியில் நம்ப வேண்டாம். தடை தொடங்கும் அன்று கையில் ஒரு மாதச் செலவாவது ரொக்கமாக இருக்கணும். இல்லாவிட்டால் நகை அடகுக்குப் போகும்.

கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தையும் கேளுங்கள். நாம் தவணையாக 1,500 கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500-ஆகத் திரும்பும். பெண்களுக்கும் உண்டு. இதைவிட நல்ல 'முதலீடு' எந்தப் புத்தகத்திலும் இல்லை. தவணை விட்டுப்போகாமல் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அஞ்சலகத் தொடர் வைப்பைப் பற்றிச் சிலர் பயப்படுகிறார்கள், மாதம் தவறினால் போச்சு என்று. விதி அவ்வளவு கொடுமையாக இல்லை. மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், ஐந்து வருடம். ஒரு மாதம் தவறினால் நூற்றுக்கு 1 ரூபாய் அபராதம். நான்கு மாதத் தவணை தவறினால்தான் கணக்கு நிற்கும், அப்போதும் இரண்டு மாதத்துக்குள் போய்க் கட்டி உயிர் கொடுக்கலாம். நம்மவர்களுக்கு மிகவும் உதவும் விதி வேறு: தவணையை முன்கூட்டியே கட்டலாம். ஆறு மாதம் முன்பணமாகக் கட்டினால், மாதம் 100 ரூபாய்க் கணக்குக்கு மொத்தம் 10 ரூபாய் தள்ளுபடிகூட உண்டு. நல்ல பாடு உள்ள மாதத்தில் ஆறு மாதத் தவணையைக் கட்டிவிட்டால் தடைக்காலம் முழுக்க அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

புத்தகம் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நூற்றுக்கு 3 வட்டிக்குக் கடன் இருக்கும் வீட்டில், அது வருடத்துக்கு 36 சதவீதம். அஞ்சலகத்தில் கிடைப்பது 7 சதவீதத்தைக்கூட எட்டாது. அந்த வீட்டில் காற்றுப்பெட்டியில் ஒரு வாரச் செலவு மட்டும் வைத்துக்கொண்டு மீதியெல்லாம் அசலை அடைக்கப் போக வேண்டும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் இன்னும் அவசரம். மீனை அவருக்கே போட வேண்டியிருக்கும், விலையும் அவர் சொல்வதாகிவிடும். அங்கே வட்டி என்று பெயர் சொல்லி எதுவும் கேட்க மாட்டார்கள், கிலோவுக்குக் கிலோ போய்க்கொண்டிருக்கும். ஒரு மாதம் வெளி ஏல விலையையும் நமக்குக் கிடைத்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், முன்பணத்தின் உண்மையான வட்டி தெரியும்.

அந்தக் கடைசி அத்தியாயத்துக்கு என் பதில் இது. அமெரிக்காவில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2013-இல் ஒரு சோதனை வெளியானது. பிள்ளைகளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்து, காத்திருந்தால் இரண்டு என்றார்கள். அதற்கு முன்பே சில பிள்ளைகளிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், சில பிள்ளைகளிடம் காப்பாற்றவில்லை. காப்பாற்றியதைப் பார்த்த பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். பிள்ளைகளின் குணத்தில் கோளாறு இல்லை, நாளை வருமா என்பது தெரியாததுதான். நாளைக்கு டோக்கன் உண்டா என்றே தெரியாதவரிடம் மனசு வைக்கவில்லை என்று சொல்லக் கூடாது தம்பி. அந்தப் பையன்களிடம் சொல்லுங்கள், காற்றுப்பெட்டியில் ஏழாயிரம் சேர்ந்த வீட்டில் பொறுமை தானாக வரும்.

தங்கச்சிமடம்_படிப்பகம்

அண்ணே, அக்கா, எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை கூடும்போது இதையே படிக்கிறோம். புத்தகத்தில் சூழல் பற்றிய அத்தியாயத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதில் வாசகர் அண்ணன் சொன்ன மூன்று குறி போடப்போகிறோம்.

ஒரு சந்தேகம் மட்டும். கொக்கி வழியாகப் பழகிய பிறகு தடைக்காலம் வந்தால்? படகு கரையேறி வர்ணம் அடிக்கப் போய்விடும். பாதிப் பேர் கேரளாவுக்கு வேலைக்குப் போவார்கள். கொக்கியே இருக்காதே?

மண்டபம்_உளவியல்

நல்ல கேள்வி. நிறையப் பழக்கம் செத்துப்போவது அங்கேதான்.

ஏப்ரல் 1 வாக்கிலேயே கொக்கியை மாற்றத் தொடங்குங்கள். கடலோடு சேர்ந்த கொக்கியை விட்டு, எந்த ஊருக்குப் போனாலும் கூட வரும் ஒன்றில் மாட்ட வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பது எங்கேயும் உண்டு. தடைக்கு முன் இரண்டு வாரம் பழைய கொக்கி, புதுக் கொக்கி இரண்டிலும் பாதிப் பாதி செய்யட்டும்: இங்கே 2 பக்கம், அங்கே 2 பக்கம். தடை தொடங்கிய பிறகு மாற்றப் போனால் ஒன்றும் நிற்காது.

கேரளாவுக்குப் போகிறவர் முதல் வாரம் அளவைப் பாதியாக்கிக்கொள்ளட்டும். புது அறை, புது ஆட்கள், படுக்கும் இடமே மாறியிருக்கும். கூட்டாளிக்கு அனுப்பும் குரல்பதிவை மட்டும் எந்தக் காரணத்துக்கும் நிறுத்த வேண்டாம், ஒன்றும் படிக்காத நாளிலும் 'இன்று இல்லை' என்று அனுப்பட்டும்.

அட்டையையும் நோட்டையும் அமுக்கிப் பூட்டும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுங்கள். உப்புக்காற்றில் தாள் நமத்துவிடும். ஜெல் பேனா கரையும், பால்பாயிண்ட் பேனாவே கொடுங்கள்.